பஸ்ஸிலேயே செய்யலாம் ஆன்ம சோதனை

கிருஷ்ணகிரியிலிருந்து தர்மபுரிக்குப் படிக்கப் போய்வரும் பிள்ளைகளுக்கு ஒரு யோசனை. சாயங்காலம் பஸ்ஸில் இடம் கிடைத்ததும் போனை எடுக்காதீர்கள். காவேரிப்பட்டணம் வருவதற்குள் இயேசு சபை என்ற கத்தோலிக்கத் துறவற சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் கற்றுத்தந்த ஆன்ம சோதனையை, அதாவது அன்றைய நாளை ஆண்டவரோடு திரும்பிப் பார்க்கும் செபத்தை, முடித்துவிடலாம். பத்துப் பதினைந்து நிமிடம் போதும்.

முதலில் நன்றி. இதில் மட்டும் அவசரமே வேண்டாம். "எல்லாத்துக்கும் நன்றி ஆண்டவரே" என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால் மனதில் ஒட்டாது. லேப்பில் ரீடிங் சரியாக வராமல் திணறியபோது தன் வேலையை நிறுத்திவிட்டு வந்து பியூரெட்டைப் பார்த்துச் சொன்ன தோழி, மதியம் இன்னொருத்தி டிபன் பாக்ஸிலிருந்து பிட்டுக் கொடுத்த ராகிக் களி என்று ஒன்றொன்றாக நினைத்துச் சொல்லுங்கள்.

பிறகு ஆண்டவரிடம் தெளிவு கேட்டு, காலையிலிருந்து நடந்ததை வரிசையாகப் பாருங்கள். எங்கே மனம் லேசானது, எங்கே கனத்தது? தவறியதற்கு மன்னிப்பு, நாளைக்கு ஒரே ஒரு தீர்மானம். குற்றப்பட்டியல் போடுவதற்கு இது இடமில்லை.

இஞ்ஞாசியாரும் 1528 முதல் பாரீஸ் பல்கலைக்கழகத்தில் படித்தவர்தான். படிப்புக்கு முழுக் கவனம் வேண்டும் என்று அறிந்தவர். அதனால் இயேசு சபையின் மாணவர்களுக்குச் செப நேரத்தைச் சுருக்கமாக வைத்தார். ஆனால் தினம் இருமுறை ஆன்ம சோதனையை விடச் சொல்லவில்லை. எனக்கு இது பெரிய ஆறுதல்.

செமஸ்டர் பரீட்சை நாட்களில் நேரம் இல்லையென்றால் நன்றியையும் நாளைய தீர்மானத்தையும் மட்டுமாவது செய்யுங்கள்.