ஹெட்லைட் மாற்றுமுன் சுவரைப் பாருங்கள்

தை மாதம் குன்றக்குடி, திருப்பத்தூர், சிங்கம்புணரி வழியாகப் பழனிக்கு நடக்கும் பாதயாத்திரைக் கூட்டம் இரவில் சாலையோரத்தை நிறைத்துவிடும். மற்ற மாதங்களில் ஆடு, மாடு, கண்மாய்க்கரை வளைவில் விளக்கில்லாமல் வரும் சைக்கிள். இந்தச் சாலைகளில் வெளிச்சம் எவ்வளவு என்பதைவிட எங்கே விழுகிறது என்பதுதான் பெரிது. 800 ரூபாய் பல்பா, 8,000 ரூபாய் பல்பா என்ற கேள்வியையும் அதை வைத்தே தீர்க்க வேண்டும்.

வாங்குமுன் இரண்டு சோதனைகள். ஹெட்லைட்டின் முன்மூடியான டூம் மஞ்சளித்திருந்தால் எந்த பல்பு போட்டாலும் பயனில்லை. 1000, 2000, 3000 நம்பர் வாட்டர் பேப்பரால் வரிசையாகத் தண்ணீர் விட்டுத் தேய்த்து, பாலிஷ் போட்டு, யூவி கிளியர் கோட் அடிக்க வேண்டும். கோட் அடிக்காமல் விட்டால் நம் ஊர் வெயிலுக்குச் சில மாதங்களில் மஞ்சள் திரும்பிவிடும்.

அடுத்தது ஒயரிங். இன்ஜின் ஓட, டிம் எரிய, பேட்டரியில் வோல்ட்டேஜ் பாருங்கள். பல்பைக் கழற்றாமல், அதில் செருகிய ஒயர் கப்ளரின் பின்பக்கமும் பாருங்கள். வித்தியாசம் அரை வோல்ட்டைத் தாண்டினால் குறை பல்பில் இல்லை, ஒயரிங்கில். இழை சூடேறி எரியும் ஹாலோஜன் பல்பில் வோல்ட்டேஜ் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் சுமார் 30 சதவீதம் போய்விடும். பழைய கார்கள் பலவற்றில் மொத்தக் கரண்டும் ஸ்டீயரிங் பக்கத்து ஸ்விட்ச் வழியாகவே போகிறது. இதற்கு மருந்து, ஸ்விட்ச் வழியாக இல்லாமல் பேட்டரியிலிருந்து நேராகப் பல்புக்குக் கரண்ட் கொடுக்கும் ரிலே கிட்: இரண்டு ரிலே, 2.5 சதுர மி.மீ. ஒயர், செராமிக் ஹோல்டர், பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் 15 ஆம்பியர் ஃபியூஸ். லைட்டைக் கம்ப்யூட்டர் கட்டுப்படுத்தும் புதிய கார்களில் இதைச் செய்யாதீர்கள்; ரிலே படபடக்கும், டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு வரும்.

விலை குறைந்தவற்றில் இரண்டை அறவே தவிர்க்க வேண்டும். ஒன்று 100/90 வாட் ஹாலோஜன். 60/55 வாட்டுக்குப் போட்ட ஒயரும் பிளாஸ்டிக் ஹோல்டரும் அந்தச் சூட்டில் உருகும், பல்புக்குப் பின்னால் வெளிச்சத்தைத் திருப்பி வீசும் ரிஃப்ளெக்டரின் முலாம் கருகும். மற்றொன்று, வெளிச்ச அளவு 20,000 லூமென் என்று பெட்டியில் அச்சிட்ட எல்இடி. டிம், பிரைட் இரண்டும் ஒன்றிலேயே உள்ள, கம்பெனி கொடுக்கும் எச்4 ஹாலோஜன் பல்பு டிம்மில் சுமார் 1,000, பிரைட்டில் சுமார் 1,650 லூமென்தான் தரும். அந்த எண்ணை நம்ப வேண்டாம்.

எண்ணைவிடப் பெரிய கோளாறு வடிவத்தில் இருக்கிறது. எச்4 பல்பின் டிம் இழைக்குக் கீழே சின்னத் தகடு ஒன்று உண்டு. எதிரே வருபவர் கண்ணில் படாமல் வெளிச்சத்தை வெட்டுவது அதுதான். மலிவு எல்இடியில் வெளிச்சம் தரும் சிப் தடிப்பாக, இழை இருந்த இடத்திலிருந்து ஓரிரு மி.மீ. விலகி இருக்கும். ரிஃப்ளெக்டர் அதை மேல்நோக்கி வீசிவிடும். காருக்கு முன்னே பத்து மீட்டர் பால்போல வெளுத்திருக்கும். கண் அதற்குப் பழகிவிட, தூரத்தில் நிற்கும் மாடு இருட்டில் மறைந்துவிடும். பின்னால் உள்ள விசிறி செம்மண் புழுதியில் அடைத்து நின்றால் சிப் சூடேறிச் சாகும். ரப்பர் மூடி சரியாகப் பொருந்தாவிட்டால் டூமுக்குள் ஈரம் கோக்கும்.

சுமார் 5,000 ரூபாய்க்கு மேல் விற்கும் நல்ல எல்இடியில் சிப் மெல்லியதாக, இழையின் இடத்திலேயே இருக்கும்; பல்பைப் பிடித்திருக்கும் வளையமான காலரைத் திருப்பிச் சரிசெய்யலாம். பொருத்தும்போது சிப்புகள் கடிகாரத்தின் 3, 9 மணித் திசையைப் பார்க்க வேண்டும். காரில் பல்புக்கு முன்னே உருண்டைக் கண்ணாடியாகத் தெரியும் கம்பெனி புரொஜெக்டர் லென்ஸ் இருந்தால் இந்தச் செலவு தகும். சாதாரண ரிஃப்ளெக்டராக இருந்தால் நல்ல பிராண்டின் 60/55 வாட் ஹாலோஜனும் ரிலே கிட்டும் போதும் என்பதே எங்கள் முடிவு. ஹாலோஜன் பல்பின் கண்ணாடியைக் கையால் தொடாமல் போடுங்கள். விரல் எண்ணெய் பட்ட இடம் சூடேறி பல்பு சீக்கிரம் போய்விடும். எல்இடியே வேண்டுமென்றால், வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் கெல்வின் எண்ணில் 6000-ஐ விடுங்கள், ஐப்பசி மழையில் நனைந்த தாரில் அந்த வெள்ளை நிற்காது. 4300 அளவில் தேடுங்கள்.

ரிஃப்ளெக்டர் ஹெட்லைட்டுக்குள் புரொஜெக்டர் வைப்பதுதான் ஆக விலை கூடிய வழி. டூமை ஓவன் அடுப்பில் சூடாக்கிப் பிரித்து, புது பியூட்டைல் பசை வைத்து மூட வேண்டும். பழைய பசையின் மேலேயே ஒட்டினால் முதல் மழையில் ஆவி கோக்கும். நீர்க்கசிவுக்கு எழுத்தில் வாரண்டி தராத கடையில் டூமைப் பிரிக்க விடாதீர்கள்.

எதைப் போட்டாலும் சுவரில் பார்க்காமல் காசு கொடுக்க வேண்டாம். செட்டிநாட்டுத் தெருக்களில் நீளச் சுவருக்குப் பஞ்சமில்லை. சமதளமான இடம் வேண்டும், அவ்வளவுதான். டயர் காற்றைச் சரிபார்த்து, ஓட்டுநர் இருக்கையில் ஒருவரை உட்காரவைத்து, டேஷ்போர்டில் உள்ள ஹெட்லைட் லெவலிங் திருகியை 0-வில் வைத்து, சுவரிலிருந்து 10 மீட்டரில் காரை நேராக நிறுத்துங்கள். பல்பின் நடு உயரத்தை அளந்து சுவரில் டேப் ஒட்டுங்கள். டிம்மின் மேல்விளிம்பு டேப்புக்குச் சுமார் 10 செ.மீ., அதாவது தூரத்தில் 1%, கீழே விழ வேண்டும். டூமில் 1.2% போல வேறு எண் அச்சிட்டிருந்தால் அதன்படி 12 செ.மீ. வையுங்கள். வலப்பக்கம் கோடு மட்டமாகவும், இடப்பக்கம் சாலையோரத்தை நோக்கிச் சற்று ஏறியும் இருக்க வேண்டும். கோடு தாழ்ந்தோ உயர்ந்தோ இருந்தால் ஹெட்லைட்டில் உள்ள திருகைத் திருப்பிச் சரிசெய்யலாம். கோடே தெளிவாக விழாமல் வெளிச்சம் டேப்புக்கு மேலே சிதறினால் காலரை ஒருமுறை திருப்பிப் பாருங்கள். அப்போதும் அடங்காவிட்டால் அந்த பல்பைக் கழற்றிக் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.