பிளாட்டினம்-கரி வினையூக்கி: வடிகட்டும்போது உலர விடாதீர்கள்

குளோரோநைட்ரோபென்சீனின் நைட்ரோ தொகுதியை மட்டும் ஹைட்ரஜன் வாயுவால் அமீனாக மாற்றிக் குளோரினை அப்படியே விட்டுவைக்க, பல்லேடியத்தைவிடப் பிளாட்டினம்-கரியையே நான் விரும்புகிறேன். பல்லேடியம் குளோரினையும் எளிதில் கழற்றிவிடும்.

1 கிராம் மூலப்பொருளுக்கு, 5 விழுக்காடு பிளாட்டினம் ஏற்றிய கரியை 50 மில்லிகிராம் எடுத்துக்கொள்கிறேன். குடுவையில் நைட்ரஜனை நிரப்பி, முதலில் வினையூக்கியை இட்டு, நீர் விட்டு நன்றாக நனைத்து, அதன் பிறகே நைட்ரஜன் ஓட்டத்தின் கீழ் மெத்தனாலையும் மூலப்பொருளையும் சேர்க்க வேண்டும். இந்த வரிசையை மாற்றி, மெத்தனாலின்மேல் உலர்ந்த தூளைக் கொட்டினால் தீப்பற்றக்கூடும். மெத்தனாலின் ஆவி தீப்பொறி பட்டால் பற்றிக்கொள்ளும் மிகக் குறைந்த வெப்பநிலை ஏறத்தாழ 11 பாகை செல்சியஸ்தான்; நம் சிங்கப்பூர் ஆய்வுக்கூடங்களின் குளிரூட்டி எவ்வளவு குளிர்ந்தாலும் அதற்குக் கீழே போவதில்லை.

பிறகு காற்றை முழுதும் அகற்றி ஹைட்ரஜன் பலூனைப் பொருத்துங்கள். 1 கிராமுக்கு அரை லிட்டருக்குச் சற்றுக் குறைவான வாயு செலவாகும். வினை முடிந்ததா என்பதை மென்படலப் பகுப்பில் (கலவைச் சொட்டின் பொருள்களை மெல்லிய படலத்தில் பிரித்துக் காட்டும் TLC சோதனையில்) பாருங்கள்.

நான் தடுக்கி விழுந்த இடம் வடிகட்டல். பலதுறைத் தொழிற்கல்லூரியில் படித்த காலத்தில், வடிநீர் முழுதும் இறங்கட்டும் என்று வெற்றிடத்தை நிறுத்தாமல் விட்டேன். புனலில் இருந்த கரிப்படலம் உலர்ந்து, காற்று உள்ளே இழுபட்ட சில நொடிகளில் செந்தணலாகி, மெத்தனால் ஆவி பற்றிக்கொண்டது. வினை முடிந்த பிளாட்டினத்தின் பரப்பில் ஹைட்ரஜன் ஒட்டியிருக்கும். காற்றிலுள்ள ஆக்சிஜன் வந்ததும் அது எரிந்து உலோகத்தைச் சூடாக்குகிறது. 1823-ஆம் ஆண்டிலேயே ஜெர்மானிய வேதியியலாளர் டோபரைனர், ஹைட்ரஜன் தாரையைக் காற்றில் பிளாட்டினப் பஞ்சின்மேல் செலுத்தித் தீ மூட்டிக் காட்டியதும் இதே இயல்பால்தான்.

ஆகவே முதலில் குடுவையிலுள்ள ஹைட்ரஜனை நைட்ரஜனால் வெளியேற்றுங்கள். வெறும் வடிதாளில் நுண்கரி நழுவிவிடும் என்பதால், ஈரமாக்கிய செலைட் (வடிகட்ட உதவும் நுண்துளை மண்தூள்) படுகையே எனக்கு ஏற்றது. கரிப்படலத்தின்மேல் எப்போதும் ஒரு விரற்கடை திரவம் நிற்கட்டும். படலத்தைக் கழுவுவதற்கான கரைப்பானை, அந்தத் திரவம் வற்றுவதற்கு முன்பே ஊற்றுங்கள். கடைசியில் வெற்றிடத்தை விடுவித்து, நீர் ஊற்றி, ஈரப்படலத்தை நீரோடு சேர்த்துப் பெயரொட்டிய தனிப் புட்டியில் இடுங்கள். குப்பைத்தொட்டியில் காகிதங்களோடு அதைப் போடவே கூடாது.

பிற்சேர்க்கை: இதைப் பின்பற்றிய மாணவி ஒருவர், வினை பாதியிலேயே நின்றுவிட்டதாக எழுதியிருந்தார். அவருடைய வினையூக்கி பாதி எடை நீருடன் ஈரமாக விற்கப்பட்ட வகை. அதில் 100 மில்லிகிராம் எடுத்தால்தான் மேலே சொன்ன 50 மில்லிகிராம் கிடைக்கும். புட்டியின் ஒட்டுச்சீட்டில் ஈர விழுக்காட்டைப் பார்த்த பிறகே எடைபோடுங்கள்.