டைல்ஸ் கடைக்குக் கிளம்புவதற்கு முன்னால்: அட்டாச்டு பாத்ரூமைப் புதுப்பிப்பதில் செய்யக்கூடாத தவறுகள்

பாத்ரூமை மாற்றலாம் என்று வீட்டில் பேச்சு எழுந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமையே டைல்ஸ் கடைக்குக் கிளம்பிவிட்டோம். எல்லோரும் அப்படித்தான் கிளம்புகிறார்கள். கடையில் ஏசி இருக்கிறது, காபி தருகிறார்கள், நாலு சுவரும் ஜோடித்து வைத்திருக்கிறார்கள். சதுர அடி 60 ரூபாய் டைல்ஸா, 80 ரூபாய் டைல்ஸா என்று இரண்டு மணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்டோம்.

இப்போது கணக்குப் போட்டால் சிரிப்புதான் வருகிறது. எங்கள் படுக்கையறையோடு சேர்ந்த பாத்ரூம் எட்டடிக்கு ஐந்தடி. சுற்றளவு 26 அடி. ஏழடி உயரத்துக்கு டைல்ஸ் ஒட்டினால் 182 சதுர அடி. கதவும் வென்டிலேட்டரும் போக 160. தரை 40. ஆக மொத்தம் 200, வெட்டுச் சேதாரம் பத்து சதவீதம் சேர்த்து 220. நாங்கள் மண்டையை உடைத்துக்கொண்ட அந்த இருபது ரூபாய் வித்தியாசம் மொத்தத்தில் 4,400 ரூபாய். தரைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று யோசிக்காமல் விட்டதற்கு ஆன செலவு 31,000 ரூபாய்.

எங்களுடையது நங்கநல்லூரில் 1998இல் கட்டிய அடுக்குமாடி. இந்த மாதிரி கட்டடங்களில் பாத்ரூமின் கான்கிரீட் தளம் மற்ற அறைகளைவிட ஒன்பது அங்குலம், ஓரடி வரை இறங்கியிருக்கும். மேஸ்திரிகள் 'சங்கன்' என்பார்கள். அந்தப் பள்ளத்தில் குழாய்களை ஓட்டி, செங்கல் ஜல்லியோ நிலக்கரிச் சாம்பலோ கொட்டி நிரப்பி, மேலே தரை போட்டிருப்பார்கள். எங்கேயாவது ஒரு இணைப்பு விட்டுப்போனால் தண்ணீர் வெளியே தெரியாது. அந்தத் தொட்டிக்குள்ளேயே வருஷக்கணக்கில் ஊறி, ஒருநாள் கீழ்வீட்டுச் சீலிங்கில் மஞ்சள் கறையாகத் தலைகாட்டும். எங்கள் கீழ்வீட்டு மாமி ஒருமுறை கூப்பிட்டுக் காட்டவும் செய்தார். "பழைய பெயின்ட் மாமி" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

கொத்தனார் தரையை உடைத்து ஒரு கை ஜல்லியை அள்ளிக் காட்டினார். கறுப்பாக, பிசுபிசுவென்று, பிழிந்தால் தண்ணீர் சொட்டுகிற மாதிரி இருந்தது. மட்டமான வாடை. நாற்பது மூட்டைக்கு மேல் அள்ளினார்கள்.

அதனால் முதல் வேலை, டைல்ஸ் தேர்வு இல்லை; ஒரு பிளம்பரையும் கொத்தனாரையும் அழைத்துவந்து காட்டுவது. கீழ்வீட்டுக்காரரிடம் அனுமதி கேட்டு அவர் வீட்டுச் சீலிங்கையும் பார்க்க வேண்டும். கறை இருந்தால் சங்கனைத் தோண்டாமல் தப்பிக்க முடியாது. 'பழைய டைல்ஸ் மேலேயே புதுசு ஒட்டிவிடலாம், உடைக்கிற செலவு மிச்சம்' என்று ஒரு யோசனை கண்டிப்பாக வரும். கசிவே இல்லாத, உறுதியான தரையில் அது செல்லும். கசிவு இருந்தால் நோயின் மேல் சட்டை மாட்டுகிற கதை. தரை மட்டமும் உயரும்; கதவின் அடியை அறுக்க வேண்டியிருக்கும்; படுக்கையறைக்கும் பாத்ரூமுக்கும் நடுவே இருந்த அரை அங்குலப் பள்ளமும் போய்விடும்.

சரி, வாட்டர்ப்ரூஃபிங். கெமிக்கல் பூசிவிட்டால் வேலை முடிந்ததாக நினைப்பதுதான் இதில் பெரிய தவறு. பூசியது நின்றதா என்று தண்ணீர் கட்டிப் பார்க்க வேண்டும். தரை ஜாலியின் துளையைத் துணியும் சிமென்ட்டும் வைத்து அடைத்து, இரண்டு மூன்று அங்குலம் தண்ணீர் நிறுத்தி, நீர்மட்டத்தைச் சுவரில் பென்சிலால் கோடு போட்டு வையுங்கள். குறைந்தது 48 மணி நேரம். ஆவியாவதால் கொஞ்சம் குறையலாம். கோட்டுக்குக் கீழே கண்ணுக்குத் தெரியும் அளவு இறங்கினால், அல்லது கீழ்வீட்டில் ஈரம் பூத்தால், மறுபடியும் பூச வேண்டியதுதான். எங்கள் ஆள், "சார், ரெண்டு கோட்டு அடிச்சாச்சு, இதுக்கு மேல தண்ணி எங்க போகும்?" என்றார். வேலையாட்களுக்கு அந்த இரண்டு நாளும் வேலை இருக்காது, அதனால்தான் அவசரம். அந்த இரண்டு நாளை முதலிலேயே அட்டவணையில் எழுதிச் சொல்லிவிட்டால் சண்டை வராது. குழாய் எங்கெல்லாம் தளத்தையும் சுவரையும் துளைத்துப் போகிறதோ அந்த ஓரங்களில்தான் முக்கால்வாசிக் கசிவும். பூச்சு தரையோடு நிற்காமல் சுவரில் ஓரடியாவது ஏற வேண்டும். குளிக்கிற பக்கம் தலைக்கு மேல் வரை.

மொத்தமாக எவ்வளவு என்று கேட்காதீர்கள்

"மெட்டீரியலோட மொத்தமா ஒன்று எண்பது சார்", அதாவது 1,80,000 ரூபாய், என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தார்கள். கடைசியில் 2,40,000 ஆனது. யாரும் ஏமாற்றவில்லை. அந்தக் காகிதத்தில் என்னென்ன இல்லை என்று நான் கேட்கவில்லை, அவ்வளவுதான். சங்கன் தோண்டி நிரப்பி வாட்டர்ப்ரூஃபிங் செய்ததுதான் மேலே சொன்ன 31,000. அடியில் உளுத்துப்போன நிலையும் கதவும் மாற்றியது 9,500. ஆங்கிள் காக், வேஸ்ட் பைப், ஜாலி, எல்போ என்று சில்லறை சில்லறையாக 8,000. ரப்பிஷை மூட்டை கட்டி, மாடியிலிருந்து இறக்கி, வண்டி வைத்து அனுப்ப 6,500. லிஃப்டில் ஏற்றக்கூடாது என்பது அசோசியேஷன் விதி, ரோட்டோரம் கொட்டினால் மாநகராட்சி அபராதம். பில் போடும்போது சேர்ந்த ஜிஎஸ்டி 5,000. டைல்ஸுக்கு அது 18 சதவீதம், கடையில் சொல்லும் விலை வரி சேர்த்தா சேர்க்காமலா என்று அங்கேயே கேட்டுவிட வேண்டும்.

காகிதத்தை ஐந்தாகப் பிரித்துக் கேளுங்கள்: உடைப்பதும் அப்புறப்படுத்துவதும், குழாயும் வயரிங்கும், வாட்டர்ப்ரூஃபிங், டைல்ஸ் ஒட்டுவது, கடைசியில் கண்ணுக்குத் தெரிகிற சாமான்கள். பணம் பற்றவில்லை என்றால் ஐந்தாவதில்தான் கை வைக்க வேண்டும். குழாய்த் தலையை அடுத்த வருஷம் ஒரு மணி நேரத்தில் மாற்றிக்கொள்ளலாம். சுவருக்குள் போன குழாயை மாற்ற மறுபடி உடைக்க வேண்டும். இருபது வருஷத்துக்கு மேற்பட்ட கட்டடம் என்றால், எழுதிய தொகைக்கு மேல் கால் பங்காவது கையில் இல்லாமல் கடப்பாரையைத் தொட விடாதீர்கள்.

படத்தில் பார்த்ததும் நம் சுவரும்

சுவரில் தொங்குகிற கம்மோடு அழகுதான். அடியில் துடைப்பம் போகும். ஆனால் மறைவான ஃப்ளஷ் தொட்டிக்குச் சுவருக்குள் இடம் வேண்டும், பழைய ஃப்ளாட்டில் பாத்ரூம் சுவர் நாலரை அங்குலம். அதைக் குடைந்தால் மறுபக்கம் படுக்கையறை தெரியும். வேறு வழியில்லாமல் முன்னால் இன்னொரு அரைச்சுவர் எழுப்பினால் ஆறு அங்குலமாவது போகும். ஐந்தடி அறையில் ஆறு அங்குலம் பெரிய விஷயம். எழுந்து உட்காரும்போது முட்டி சொல்லும்.

தரையில் பொருத்துகிற கம்மோடு வாங்குகிறவர்கள் ஒரே ஒரு அளவை மறந்துவிடுகிறார்கள்: சுவரிலிருந்து கழிவுத் துளையின் மையம் வரை எவ்வளவு தூரம். கழிவு தரை வழியாகக் கீழே இறங்குகிற எஸ் ட்ராப் கம்மோடுகள் 100 மில்லிமீட்டர், 225, 300 என்று வெவ்வேறு தூரங்களில் வருகின்றன. அளக்க வேண்டியது செங்கல்லிலிருந்து இல்லை, டைல்ஸ் ஒட்டி முடித்த முகத்திலிருந்து. பூச்சும் டைல்ஸும் சேர்ந்து ஓரங்குலத்துக்கு மேல் தின்றுவிடும். வாஸ்து பார்த்து கம்மோடை எதிர்ச் சுவருக்கு நகர்த்தச் சொன்னால், நாலு அங்குலக் கழிவுக் குழாய் டக்டில் (குழாய்கள் இறங்குகிற திறந்த சந்தில்) இருக்கும் பெரிய குழாய் வரை வாட்டத்தோடு, அதாவது சரிவோடு, ஓட சங்கனில் ஆழம் இருக்கிறதா என்று பிளம்பரிடம் முதலில் கேளுங்கள். ஜோசியருக்குப் பிளம்பிங் தெரியாது.

மழைபோல் கொட்டுகிற பெரிய ஷவர் அடுத்த ஆசை. தண்ணீர் அழுத்தத்தை 'பார்' என்ற அலகில் சொல்வார்கள்; பத்து மீட்டர் உயரத் தண்ணீர் தருகிற அழுத்தம் சுமார் 1 பார். மேல் மாடியில் இருக்கும் எங்களுக்குத் தொட்டிக்கும் ஷவருக்கும் மூன்று மீட்டர்தான், 0.3 பார். எட்டு அங்குல ஷவரிலிருந்து தண்ணீர் கொட்டவில்லை, ஒழுகியது. ஷவர் பெட்டியிலேயே குறைந்தபட்ச அழுத்தம் அச்சிட்டிருக்கும். அதைப் படித்துவிட்டு, ஒன்று பிரஷர் பம்ப்புக்குக் காசு ஒதுக்குங்கள், இல்லாவிட்டால் சின்ன ஷவரோடு நிறுத்துங்கள். நான் ஷவரை மாற்றினேன். உப்புத் தண்ணீர் வருகிற வீடு என்றால் கறுப்பு நிறக் குழாய்களையும் கண்ணாடித் தடுப்பையும் இரண்டு தடவை யோசியுங்கள். ஒரு வாரத்தில் வெள்ளைப் புள்ளி கோலம் போட்டுவிடும்.

கீசருக்குத் தனி லைன். 2,000 வாட் கீசர் ஒன்பது ஆம்பியர் வரை இழுக்கும். பழைய வீட்டில் விளக்குக்கு ஓடிய மெல்லிய வயரில் அதை மாட்டக்கூடாது. 2.5 சதுர மில்லிமீட்டர் வயர், 16 ஆம்பியர் பிளக், ஒழுங்கான எர்த், மெயினில் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (மின்சாரம் கசிந்தால் உடனே துண்டிக்கிற சுவிட்ச்). இதில் பேரமே பேசாதீர்கள்.

டைல்ஸ் பற்றியும் சொல்லிவிடுகிறேன். விட்ரிஃபைடு டைல்ஸ் அநேகமாகத் தண்ணீரே குடிக்காது. சாதாரண சிமென்ட் பாலில் ஒட்டினால் பிடிப்பு நிற்காது, அதற்கென்று வருகிற பசையான அட்ஹெசிவ் போட்டுத்தான் ஒட்ட வேண்டும். அட்ஹெசிவ் மூட்டைக்குத் தனியாகக் கணக்கு வையுங்கள். எல்லாப் பெட்டியிலும் பேட்ச் நம்பர் ஒன்றாக இருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள், நாலைந்து டைல்ஸ் மிச்சம் பிடித்துப் பரணில் போடுங்கள். தரைக்குப் பெரிய டைல்ஸ் போட்டால் இணைப்புகள் குறையும், பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் வாட்டம் வராது. ஐந்தடி நீளத்துக்கு முக்கால் அங்குலமாவது ஜாலியை நோக்கி இறங்க வேண்டும். இரண்டடிக்கு இரண்டடி டைல் அப்படி வளையாது. ஓரடி டைல் போடுங்கள், சொரசொரப்பானதாக. ஒட்டும் அன்றே, காய்வதற்குள், ஒரு பக்கெட் தண்ணீரை மூலையில் ஊற்றிப் பாருங்கள். ரசமட்டம் சொல்லாததை அந்தத் தண்ணீர் சொல்லும்.

வயதானவர்கள் இருக்கும் வீட்டில் கைப்பிடி வைக்க வேண்டிய இடத்தைப் பூச்சுக்கு முன்பே குறியுங்கள், அந்த இடத்தில் சுவர் கெட்டியாக இருக்க வேண்டும். கதவு உள்பக்கம் திறந்தால், உள்ளே விழுந்தவரின் உடம்பே கதவை அடைத்துக்கொள்ளும். எங்கள் புதுக் கதவை வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி மாட்டியது அப்பாவுக்காக. கொத்தனார் அதை வித்தியாசமாகத்தான் பார்த்தார்.

பத்து நாளில் முடியும் என்பார்கள். மூன்று வாரம் பிடித்துக்கொள்ளுங்கள். வீட்டில் இன்னொரு பாத்ரூம் இருந்தால் இரண்டையும் ஒரே சமயத்தில் உடைக்காதீர்கள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முந்தைய வாரம் ஆரம்பித்தால் ஆட்கள் ஊருக்குப் போய்விடுவார்கள், நீங்கள் பக்கத்து வீட்டில் குளிப்பீர்கள். பணத்தை வேலை வேலையாகக் கொடுங்கள்: உடைத்ததும் கொஞ்சம், தண்ணீர் கட்டிப் பார்த்ததும் கொஞ்சம், டைல்ஸ் முடிந்ததும் கொஞ்சம். கடைசிப் பத்து சதவீதத்தை இரண்டு வாரம் குளித்துப் பார்த்த பிறகு.

அப்புறம், டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்பு ஒவ்வொரு சுவரையும், பக்கத்தில் டேப்பை நீட்டி வைத்து, போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். நான் எடுக்கவில்லை. எல்லாம் முடிந்த ஐந்தாம் நாள் துண்டு மாட்டுகிற கம்பியை வைக்க டிரில்லைப் பிடித்தேன். இரண்டங்குலம்கூடப் போயிருக்காது, கீசரிலிருந்து வருகிற சுடுதண்ணீர் முகத்தில் பீய்ச்சியது. புது டைல்ஸ் இரண்டை உடைத்துத்தான் குழாயைச் சரிசெய்தார்கள். நல்லவேளை, பரணில் நாலு டைல்ஸ் இருந்தது.