தோலைக் கொடுத்துத் தழும்பை வாங்குமுன்

கிளிநொச்சியில் தையற்கடை வைத்திருக்கிறேன். 104 கிலோவில் இருந்து 67க்கு வந்தவள். வயிற்றுத் தோலை வெட்டி எடுத்தாயிற்று. கைத்தோல் இன்னமும் தொங்குது, அதை வெட்டுகிற யோசனை இல்லை. ஒன்றைச் செய்துபோட்டு மற்றதை ஏன் விட்டனீங்கள் என்று சட்டையை ஒடுக்கிப் பிடிக்க வாற பெண்கள் கேட்பதால் இதை எழுதுகிறேன்.

முப்பது நாற்பது கிலோ குறைந்தால் மிஞ்சின தோல் தானாகச் சுருங்காது. நல்லெண்ணெய் தேய்த்தாலும், பெல்ட் கட்டினாலும், விடிய எழும்பி ஓடினாலும் தசை இறுகும், தோல் இறுகாது. கொழுப்பை உறிஞ்சுகிற லைப்போசக்சனும் இதற்குச் சரிவராது. உள்ளே கிடந்த கொஞ்சமும் போனால் தோல் இன்னும் தொய்யும். வெட்டித் தைக்கத்தான் வேணும். சட்டை பிடிக்கிற மாதிரித்தான், எடுக்கிற துணி கூடக்கூடத் தையலும் நீளும். சட்டையில் தையலை உள்ளுக்குத் தள்ளலாம், உடம்பில் அது வெளியேதான் கிடக்கும். அதனால் எந்த இடத்துத் தழும்போடு காலம் தள்ள ஏலும் என்று முதலில் யோசியுங்கோ.

வயிற்றுக்கு இரண்டு விதம். தொங்குகிற மடிப்பை மட்டும் வெட்டிவிடுவது ஒன்று. பிள்ளைப்பேறால் விலகின தசையையும் இழுத்துத் தைத்து, தொப்புளுக்குப் புதுத் துளை வைப்பது மற்றது. எனக்குச் செய்தது இதுதான். இரண்டிலும் தழும்பு ஒரு இடுப்பெலும்பில் இருந்து மற்ற இடுப்பெலும்பு வரை போகும். பக்கத் தோலும் கூடவென்றால் நடுவயிற்றில் நெடுக்காக இன்னொன்று. முதுகுப் பக்கமும் தொங்கினால் இடுப்பைச் சுற்றிவர. சிசேரியன் தழும்பு பெரும்பாலும் வெட்டுகிற தோலோடு போய்விடும். ஒப்பரேசனுக்கு முன்னம் நிற்கவைத்துப் பேனையால் கோடு போடுவினம். வழக்கமாகப் போடுகிற உள்ளாடையைக் கொண்டுபோய், கோடு அதற்குள் அடங்குதா என்று கேளுங்கோ. வெட்கப்பட்டு நிற்கிற நேரமில்லை அது. இன்னொரு பிள்ளை பெறுகிற எண்ணம் இருந்தால், பெற்றபிறகு போங்கோ.

கைக்கு, அக்குளில் இருந்து முழங்கை வரை உள்பக்கத்தில் தழும்பு. சிலருக்கு அது மெல்லிய கோடாக மங்கும். எனக்குச் சின்னனில் காசநோய்த் தடுப்புக்கு பீ.சீ.ஜீ. ஊசி போட்ட இடமே தடித்து ஏறிப்போய் நிற்குது, அதோடு எப்படி நம்பி வெட்டுறது? முழங்கை வரை கைவைத்துச் சட்டை தைத்துப் போடுகிறேன். காது குத்தின இடமோ ஊசித் தழும்போ தடித்தவர்கள் இதைக் கட்டாயம் டொக்டரிடம் சொல்ல வேணும். தொடைத் தையல் கவட்டுக்குள் வருவதால் வேர்வையில் ஊறி ஆறப் பிந்தும். எங்கள் வெக்கைக்கு நான் ஆருக்கும் சொல்லமாட்டேன். மார்பைத் தூக்கித் தைத்தால் முலைக்காம்பில் உணர்ச்சி குறையலாம். எல்லாவற்றையும் ஒரே நாளில் முடிக்கக் கேட்காதீங்கோ, சில மாத இடைவெளி வேணும்.

தோலை வெட்டமுன்னம் நிறை ஆறு மாதமாவது ஏறாமல் இறங்காமல் நிற்கவேணும். இரைப்பையைச் சுருக்கி மெலிந்தவர்கள் அந்த ஒப்பரேசனில் இருந்து 12 முதல் 18 மாதம் பொறுக்கவேணும். சாப்பாட்டைக் குறைத்து மெலிந்த உடம்பில் புரதமும் இரும்புச்சத்தும் காணாமல் இருக்கலாம். இரத்தம் சோதித்து, பி12ஐயும் பாருங்கோ. முட்டை, பருப்பு, கௌபி, இரணைமடுக் குளத்து யப்பான் மீன் (திலாப்பியா) எல்லாம் சாப்பிடத்தான் வேணும், இல்லாட்டிக் காயம் பொருந்தாது. சீனி வருத்தம் கட்டுக்குள் இருக்கவேணும். சிகரெட், சுருட்டு, வெற்றிலையோடு போடுகிற புகையிலை எல்லாம் ஒப்பரேசனுக்குக் குறைந்தது நாலு கிழமைக்கு முன்னமே நிற்பாட்டவேணும். நிக்கோட்டின் இரத்தக் குழாயைச் சுருக்கும், தைத்த விளிம்பு கறுக்கும்.

வன்னியில் வயிற்றில் பழைய வெட்டுத் தழும்போ யுத்தத்தில் பட்ட செல் (எறிகணை) துண்டோ உள்ளவர்கள் கனபேர். மேல்வயிற்றில் குறுக்காகத் தழும்பு இருந்தால் அதற்குக் கீழுள்ள தோலுக்கு இரத்தம் குறைவாகத்தான் வரும். தெரியாமல் இழுத்துத் தைத்தால் அந்தத் தோல் செத்துப்போகலாம். 2009 யுத்தத்தில் வெட்டின காயத்துக்கு, ஆஸ்பத்திரியில் வருத்தத்தை எழுதித் தாற டயக்னோசிஸ் காட் ஆரிடம் மிஞ்சிக் கிடக்குது? காட் இல்லாட்டிச் சட்டையைத் தூக்கிக் காட்டுங்கோ, உள்ளே துண்டு இருக்கலாம் என்றும் சொல்லுங்கோ.

முதலில் உங்கள் மாவட்ட வைத்தியசாலை சத்திரசிகிச்சைக் கிளினிக்குக்குப் போங்கோ. மடிப்புக்குள் அடிக்கடி புண், பூஞ்சணம், குடலிறக்கம் என்றால் அது வடிவுக்கான விசயமில்லை, வருத்தம். அப்படி எழுதித் தந்தால் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை பிளாஸ்டிக் சத்திரசிகிச்சைப் பிரிவிலோ கொழும்பிலோ காட்டலாம். ஆனால் அங்கே எரிகாயமும் விபத்தும்தான் முந்தும், காத்திருக்க வரும். தனியாரில் சனல் பண்ணி (காசு கட்டி நேரம் எடுத்து) டொக்டரைப் பார்க்கிறவர்கள், அவர் பிளாஸ்டிக் சத்திரசிகிச்சை நிபுணராக இலங்கை மருத்துவ சபையில் பதிந்தவரா என்று பாருங்கோ. தியேட்டர், மயக்க மருந்து, கட்டில், பிந்திய கிளினிக், நீர் கட்டினால் எடுக்கிற செலவு எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குங்கோ.

காலத்தையும் பார்க்கவேணும். ஒப்பரேசனுக்குப் பிறகு போடுகிற இறுக்கு உடுப்போடு சித்திரை வெயிலில் கிடக்க ஏலாது. வயல் வீடென்றால் அறுவடைக்கு ஆள் பிடித்துக் கொடுத்துவிட்டுத் தையில் போங்கோ.

ஒப்பரேசன் முடிந்தபிறகு வயிற்றில் நீர் வடிகிற குழாய் தொங்கும், ஒரு நாளில் வருகிற நீர் 30 மில்லிலீற்றருக்குக் குறைந்தால்தான் கழற்றுவினம். முதல் கிழமை கூனித்தான் நடப்பியள், நிமிர அவசரப்படாதேங்கோ. இறுக்கு உடுப்பு இரண்டு வாங்குங்கோ, ஒன்று கொடியில் காயட்டும். இடுப்பில் சுருண்டு மடிகிறதை வாங்காதீங்கோ, தோலில் பள்ளம் விழும். ஆறு கிழமைக்குக் கிணற்றில் அள்ளக்கூடாது, பிள்ளை தூக்கக்கூடாது, கிரவல் றோட்டில் மோட்டார்சைக்கிளே கூடாது. கொழும்பில் செய்தால் உடனே பஸ் ஏறவேண்டாம், மணிக்கணக்காக மடங்கி இருந்தால் காலில் இரத்தம் கட்டும். டொக்டர் விடும்வரை அங்கேயே ஆர் வீட்டிலும் தங்கி, கொஞ்சம் கொஞ்சம் நடவுங்கோ.

காய்ச்சல், சீழ், ஒரு பக்கம் மட்டும் திடீரென வீங்குவது என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. கெண்டைக்கால் நொந்து வீங்கினாலோ மூச்சு முட்டினாலோ நடுச்சாமம் என்றாலும் 1990க்கு அடியுங்கோ. சுவசெரிய அம்புலன்ஸ் வன்னிக்கும் ஓடுது, காசு வாங்கமாட்டினம்.