டெல்லியில இருக்குற நம்ம ஆளுங்களுக்கு: பழைய பாமாலை பாட்டை கஷ்டத்துல துணையா வச்சுக்குறது எப்படி

ஊர்ல இருந்தவரைக்கும் பாமாலை பாட்டு (நம்ம சர்ச்சு பாட்டுப்புக்குல இருக்குற பழைய கிறிஸ்தவ பாட்டு) தானா காதுல விழும், ஞாயித்துக்கிழமை ஆர்கன்ல ஆரம்பிச்சு துக்க வீடு வரைக்கும். இங்க முனிர்காலயோ மயூர் விஹார்லயோ ஒரு ரூம் எடுத்து தங்குனப்புறம் மனசு கனத்துச்சுன்னா போன்ல ஏதாவது பாட்டு போட்டு விட்டுட்டு படுத்துடுறோம். தப்பில்ல. ஆனா போட்டு கேக்குற பாட்டு ஓரளவுக்குத்தான் தாங்கும், நம்ம வாயால பாடி நெஞ்சுல ஏறுன பாட்டுதான் ராத்திரி ரெண்டு மணிக்கும் கூட நிக்கும், இது என்னோட உறுதியான நம்பிக்கை.

அதனால மொதல்ல ஒரே ஒரு பாட்டை எடுங்க. பத்து வேண்டாம். நல்லா இருக்குறப்பவே எடுத்து வைங்க, ஏன்னா உடைஞ்சு போயிருக்குறப்ப புக்கை புரட்டி தேடுறதுக்கு யாருக்கும் தெம்பு இருக்காது.

எந்த பாட்டுன்னு கேட்டா, உங்க மனசு இப்ப எங்க நிக்குதுன்னு பாத்து எடுங்க. வீட்டை விட்டு தூரமா இருக்கேன், அம்மாவுக்கு உடம்பு சரியில்ல, போக முடியலன்னு தவிக்கிறவங்களுக்கு நான் எப்பவும் சொல்றது 'பாவ சஞ்சலத்தை நீக்க'. இதோட இங்கிலீஷ் மூலப்பாட்டை எழுதுன ஜோசப் ஸ்க்ரிவன் அயர்லாந்துக்காரர், கல்யாணம் நிச்சயமான பொண்ணு தண்ணியில மூழ்கி இறந்துபோச்சு, அப்புறம் கனடாவுக்கு போயிட்டார், 1855ல அயர்லாந்துல நோயா கிடந்த தன்னோட அம்மாவுக்கு ஆறுதலா எழுதி அனுப்பினதுதான் இந்த பாட்டு. கடல் தாண்டி இருந்த ஒரு மகன் அம்மாவுக்கு எழுதுனதுன்னு தெரிஞ்சு பாடுங்க, ஜெபத்தால துன்பம் இன்பமா மாறும்னு வர்ற இடம் அப்படியே நமக்கே சொல்ற மாதிரி இருக்கும்.

என்னால யாருக்கும் பிரயோஜனம் இல்ல, நான் எதுக்கும் லாயக்கில்லன்னு தோணுதா, 'நான் பாவிதான் ஆனாலும் நீர்' எடுங்க. எழுதுன சார்லட் எலியட் பல வருஷம் நோயாளியா இருந்தவங்க, வீட்டுல எல்லாரும் ஊழிய வேலையா ஓடிட்டு இருக்க தன்னால எழுந்து கூட போக முடியலையேன்னு மனசு உடைஞ்ச நேரத்துல, 1830கள்ல எழுதினது.

பயத்துக்கும் வியாதிக்கும் 'என்னோடிரும், மா நேச கர்த்தரே'. இங்கிலாந்துல பிரிக்ஸம்னு ஒரு மீன்பிடி ஊர், அங்க ஆயரா இருந்த ஹென்றி லைட் எழுதுனது, நுரையீரல் நோயோட இருந்த மனுஷன், 1847 நவம்பர்ல இறந்துட்டார். நாம இப்ப பாடுற ராகம் வில்லியம் மாங்க் போட்டது, 1861ல வந்தது. டெல்லியில இருக்குறவங்களுக்கு இந்த ராகம் சர்ச்சுக்கு போகாமலே தெரிஞ்சிருக்கும், ஜனவரி 29 சாயங்காலம் விஜய் சௌக்ல நடக்குற பீட்டிங் ரிட்ரீட்ல, அதாவது குடியரசு தின விழாவை முடிச்சு வைக்குற ராணுவ பேண்ட் நிகழ்ச்சியில, பல வருஷமா வாசிச்சாங்க, காந்திக்கு பிடிச்ச பாட்டு, 2022ல எடுத்துட்டாங்க. எனக்கு அதுல இன்னும் வருத்தம்தான்.

பாட்டு முடிவாச்சுன்னா ஒரு நோட்டுல கையால எழுதுங்க, டைப் பண்ணாதீங்க. எழுதுறப்ப எங்க மூச்சு எடுக்கணுமோ அங்க ஒரு சின்ன கோடு போடுங்க. 'என்னோடிரும்' கோடு, 'மா நேச கர்த்தரே' கோடு. அவ்வளவுதான், ஆனா இந்த கோடு ரொம்ப முக்கியம், படபடப்பா இருக்குறப்ப மூச்சு மேல மேலதான் வாங்கும், கோடு கோடா நிறுத்தி மெதுவா பாடுனா ரெண்டாவது சரணத்துக்குள்ள நெஞ்சு இறங்கும். வாரத்துக்கு ஒரு சரணம் மனப்பாடம் பண்ணா போதும். சுருதியை நல்லா கீழ வச்சுக்கோங்க, காலைல எழுந்த குரலுக்கு சர்ச்சுல பாடுற சுருதி எட்டாது, பிசிறிடுச்சுன்னா பாடவே மனசு வராது.

ராகம் தெரியலன்னா பாட்டுக்கு மேல 8.6.8.6 மாதிரி எண் போட்டிருக்கும் பாருங்க, அது வரிக்கு எத்தனை அசைன்னு கணக்கு, அதே எண்ணுள்ள வேற பாட்டோட ராகம் தெரிஞ்சா பெரும்பாலும் அதுலயே பாடிடலாம்.

எங்க பாடுறதுன்னு பெரிய கவலை வேண்டாம். ரூம் சுவர் மெல்லிசா இருக்கு, பக்கத்து ரூம்காரர் என்ன நினைப்பாரோன்னா டிடிஏ பார்க்குல காலைல நடக்குறப்ப பாடுங்க. மெட்ரோல வாய்க்குள்ளயே முணுமுணுக்கலாம். ஆஸ்பத்திரியில ஐசியூ வாசல்ல விடிய விடிய உக்காந்திருக்குறப்ப போன்ல சார்ஜ் இருக்காது, புக்கு கையில இருக்காது, தரையில போர்வை விரிச்சு சாஞ்சுகிட்டு உதட்டை அசைச்சாலே போதும், அந்த நேரத்துக்காகத்தான் மனப்பாடம் பண்ணுங்கன்னு இவ்வளவு சொல்றேன்.

இன்னொன்னு, சரணத்தை தாண்டாதீங்க. நேரம் இல்லன்னு மொதல் சரணமும் கடைசி சரணமும் மட்டும் பாடுற பழக்கம் சபையில இருக்கு, ஆறுதலுக்கு பாடுறப்ப அது வேண்டாம். இந்த பாட்டுங்கள்ல இருட்டு, பயம், சாவு எல்லாத்தையும் நேரா சொல்லிட்டுத்தான் நம்பிக்கைக்கு வருவாங்க, நடுவுல இருக்குற சரணம்தான் நாம இப்ப நிக்குற இடம். அழுகை வந்தா பாட்டை நிறுத்திட்டு அழுங்க, அப்புறம் விட்ட வரியில இருந்து தொடருங்க. விசுவாசமே வரலன்னாலும் பாடலாம், எழுதுனவங்க விசுவாசத்துல சாஞ்சுகிட்டு பாடுங்க. பாடுறதுக்கு முன்னாடி லூக்கா 24:29 ஒரு தடவ படிச்சீங்கன்னா 'என்னோடிரும்' எங்க இருந்து வந்துச்சுன்னு தெரியும், எம்மாவு போற வழியில ரெண்டு சீஷர் இயேசுவை, நீர் எங்களுடனே தங்கியிரும்னு வருந்தி கேட்டுக்கிட்ட இடம்.

ஊர்ல அம்மாவோ பாட்டியோ இருந்தா வாரத்துல ஒரு நாள் போன்ல சேர்ந்து பாடுங்க. ஒரே நேரத்துல ரெண்டு பேரும் பாட முயற்சி பண்ணாதீங்க, போன்ல சத்தம் கொஞ்சம் லேட்டா வரும், வரி வரியா இழுத்துகிட்டு போயிடும். ஒரு சரணம் அவங்க, அடுத்த சரணம் நீங்க. அவங்களுக்கு புக்கு வேண்டியிருக்காது, நீங்க நோட்டை கையில வச்சுக்கோங்க, மொதல் சரணத்தை அவங்களையே ஆரம்பிக்க சொல்லுங்க, சுருதி சரியா அமைஞ்சிடும்.