குளக்கட்டில் நடந்தவருக்குக் கல்வெட்டு எழுதுவது எப்படி

அப்பா இறந்த பிறகு செய்யும் எட்டுச் செலவுச் சடங்கு முடிந்து, வாடகைக் கதிரைகளை லொறியில் ஏற்றிக்கொண்டிருந்த நேரம் சித்தப்பா என்னிடம் வந்தார். "பிள்ளை, கல்வெட்டு வேலையைத் தொடங்கவேணும். இருபதாம் நாளுக்குள்ள அச்சகத்துக்குக் குடுத்தால்தான் அந்தியேட்டிக்குக் கைக்கு வரும்" என்றார். கல்வெட்டு என்று நாங்கள் சொல்வது, இறந்து ஒரு மாதத்தளவில் நடக்கும் அந்தியேட்டிக் கிரியையில் கொடுக்கும் நினைவு மலரை. மாதிரிக்கு ஒன்றையும் மேசையில் வைத்துவிட்டுப் போனார். யாரோ ஒரு பெரியவருடையது. பெயரையும் ஊரையும் மாற்றினால் எவருக்கும் பொருந்தும். இன்ன ஊரில் பிறந்தார், இன்ன பாடசாலையில் கற்றார், இன்ன பதவி வகித்தார், அன்பும் பண்பும் நிறைந்தவர்.

என் அப்பா 35 ஆண்டுகள் நீர்ப்பாசனப் பொறியியலாளராக இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகும் காலை ஐந்தரைக்குச் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளிநொச்சியில் உள்ள இரணைமடுக் குளக்கட்டுக்குப் போனவர். அந்த மாதிரிக்குள் அவரை வைக்க எனக்கு மனம் வரவில்லை. அந்த இருபதாம் நாளுக்குள் வேறு விதமாகவும் எழுதலாம். நான் செய்ததையும், இன்னொரு முறை என்றால் செய்யக்கூடியதையும் சொல்கிறேன்.

முதல் இரண்டு நாளும் எழுத உட்காராதீர்கள். அவர் நின்ற இடத்துக்குப் போய் நில்லுங்கள். அண்ணாவும் நானும் விடியவே போனோம். துருசடியில், அதாவது குளத்து மதகடியில், இறங்கி நின்றபோதுதான், "இந்தப் படியில் இருந்துதான் தேத்தண்ணி குடிப்பார்" என்று அண்ணாவுக்கு நினைவு வந்தது. வீட்டில் ஒரு கிழமையாக இருந்து கதைத்தும் வராத நினைவு அது. அப்பா பழகிய மரங்களின் பெயரை ஒரு கொப்பியில் எழுதினோம்: மருது, பாலை, வீரை, முதிரை. ஆனி, ஆடியில் பாலைப்பழம் பொறுக்கி வந்து, பால் ஒட்டிய உதட்டோடு எங்களைச் சிரிக்க வைத்த ஆள் அவர். 'இயற்கை நேசர்' என்று எழுதினால் இதெல்லாம் மறைந்துவிடும். பழத்தின் பெயரை எழுதுங்கள், அது போதும்.

அடுத்தது, அவரோடு வேலை செய்தவர்களைத் தேடுவது. பெரிய உத்தியோகத்தர்கள் அனுதாபச் செய்தி எழுதித் தருவார்கள், அதுவும் வேண்டியதுதான். ஆனால் ஆளைக் காட்டித் தருவது அவரோடு வெயிலில் நின்றவர்கள். துருசு திறந்தவர், நில மட்டம் (லெவல்) பார்க்கும்போது தடி பிடித்தவர், ஜீப் ஓட்டியவர். இவர்களிடம் "ஐயா எப்படிப்பட்டவர்?" என்று கேட்காதீர்கள். "நல்ல மனுசன்" என்ற இரண்டு சொல்லோடு முடிந்துவிடும். "ஐயாவோட நீங்கள் கோபப்பட்ட நாள் எது?" என்று கேளுங்கள். "அவர் வேலையை நிப்பாட்டின நாள் இருக்கோ?" என்று கேளுங்கள்.

அப்படிக் கேட்டதில் கிடைத்தது இது. எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு சிறுபோகத்துக்கு (கோடைகால நெற்செய்கைக்கு) முன் வாய்க்கால் துப்புரவு நடக்கிறது. தண்ணீர் விடுகிற திகதி பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் முடிவாகிவிட்டது, எல்லோருக்கும் அவசரம். வரம்போரம் ஓர் ஆள்காட்டிக் குருவி தலைக்கு மேல் கத்திக்கத்திச் சுற்றுகிறது. அப்பா எல்லோரையும் நிறுத்திவிட்டுக் குனிந்து தேடியிருக்கிறார். வெறும் மண்ணில், சிறு கல்லுகளுக்கு நடுவே நாலு முட்டை. மண் நிறத்தில் கறுப்புப் புள்ளி. கிட்டப் போனாலும் முட்டை என்று தெரியாது. லெவல் வேலைக்கு வைத்திருந்த முளைகளில் நாலை எடுத்து நாலு பக்கமும் அடித்து, நூல் கட்டி, அந்தப் பத்தடியை மட்டும் விட்டுவிட்டு மிச்ச வாய்க்காலை வெட்டச் சொன்னாராம். "எனக்கு அண்டைக்குச் சரியான கோவம், பிள்ளை. பத்தடிக்காகத் திரும்பவும் வரவேணுமே! பிறகு குஞ்சு பொரிச்சு ஓடினதைக் கண்டாப் பிறகு ஒண்டும் சொல்லேல்லை" என்றார் அந்த ஐயா. இப்போது அவருக்கு எண்பது தாண்டிவிட்டது. அவர் சொன்னதைச் சொன்னபடியே, பேச்சு மொழியிலேயே போட்டேன். திருத்தி எழுதினால் அவர் குரல் போய்விடும்.

படங்களைப் பற்றிச் சொல்லவேண்டும். வன்னியில் பல வீடுகளில் ஆல்பம் என்று ஒன்று இல்லை. எங்களுடையது 2009 இல் யுத்தத்தோடு போனது. கனடாவிலும் லண்டனிலும் இருக்கும் சொந்தக்காரரிடம் கேளுங்கள். கலியாண வீட்டுப் படம் ஒன்றின் ஓரத்தில் உங்கள் ஆள் நிற்பார். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தரம் குறைந்துவிடும், டொக்கியூமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள். கிடைக்காவிட்டால் மனம் சோரவேண்டாம். அவர் கைப்பட்ட ஒரு பொருளை அச்சிடலாம்.

எங்களிடம் இருந்தது மழைக் கொப்பி. 2010 இல் மீளக் குடியேறியதும் அப்பா முற்றத்தில் முதலில் நட்டது மழைமானி. காலை எட்டரைக்கு அளப்பார், பென்சிலால் மில்லிமீற்றரில் எழுதுவார். பக்கத்தில் இடம் இருந்தால் ஒரு சொல்: 'பாலை பூத்தது', 'கூழைக்கடா 14', 'தவளைச் சத்தம் குறைவு'. 2018 மார்கழியில் இரணைமடு நிரம்பி வான் பாய்ந்து கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் நின்ற நாட்களுக்கான வரியைத் தேடிப் பார்த்தேன். எண் இல்லை. 'மானி நிரம்பி வழிந்தது. அளவு தெரியாது' என்று எழுதியிருந்தார். மனத்துக்குப் பட்டதை ஓர் எண்ணாக எழுதும் பழக்கம் அவருக்கு இருக்கவில்லை. அவரைப் பற்றி நான் எழுதிய நாலு பக்கத்தைவிட இந்த ஒரு வரி அவரை நன்றாகச் சொல்கிறது. அந்தப் பக்கத்தை அப்படியே அச்சிட்டோம்.

பென்சில் எழுத்தை ஸ்கேன் செய்யும்போது நிறத்தில், 300 டிபிஐயில் செய்யுங்கள். எங்கள் முதல் அச்சுப்படியில் கணினியில் இருந்தவர் நல்லெண்ணத்தில் தாளை 'வெள்ளையாக்கி', பாதி எழுத்தை அழித்துவிட்டார். அச்சிடுமுன் பார்த்ததால் தப்பியது.

தொழிலைப் பற்றி எழுதும் பகுதியில்தான் கூடுதல் கவனம் வேண்டும். என் முதல் வரைவில் 'இரணைமடுவை உருவாக்கிய பொறியியலாளர்' என்று எழுதிவிட்டு, இரவு நித்திரை வராமல் எழுந்து வெட்டினேன். அந்தக் குளத்தின் வேலை 1902 இல் தொடங்கியது, அப்பா பிறந்தது 1946. அவர் அதைப் பராமரித்தவர்களில் ஒருவர். அப்படியே எழுதினேன். பொறியியலாளரின் நினைவு மலரில் எண் பிழைத்தால் அவருக்கே செய்யும் பிழை. பேரப்பிள்ளைகளுக்கு விளங்குகிற மாதிரி ஒரு கணக்கையும் சேருங்கள். ஓர் ஏக்கர் நிலத்தில் ஓர் அடி உயரத்துக்கு நிற்கும் தண்ணீர் ஓர் ஏக்கர் அடி, அதாவது 43,560 கன அடி. வினாடிக்கு ஒரு கன அடி வீதம் ஒரு நாள் முழுக்கப் பாய்ந்தால் ஏறக்குறைய 2 ஏக்கர் அடி. துருசை எவ்வளவு திறப்பது, எத்தனை நாளுக்குத் திறப்பது என்று அப்பா ஒவ்வொரு சிறுபோகமும் போட்ட கணக்கு இதுதான். இடப்பெயர்களை அவர் வாயில் வந்த மாதிரி விடலாம். சுண்டிக்குளம் 1938 இலிருந்து சரணாலயமாக இருந்து 2015 இல் தேசியப் பூங்காவானது. அப்பா கடைசிவரை 'சரணாலயம்' என்றே சொன்னார்.

முரணாகத் தெரிவதை மறைக்காதீர்கள். மரங்களை அவ்வளவு நேசித்தவர், குளக்கட்டில் முளைத்த மரத்தை மட்டும் தயவு பாராமல் வெட்டச் சொல்வார். வேர் செத்து உக்கினால் அந்த வழியால் தண்ணீர் ஊறி, மண் கட்டே கரைந்துவிடும் என்பார். நாவல் கன்று ஒன்றை வெட்டவைத்த அன்று பின்னேரம், இன்னொரு நாவல் கன்றை வீட்டுக் கிணற்றடியில் வைத்தார். இரண்டையும் ஒரே பந்தியில் எழுதினேன்.

யுத்த காலத்தை எப்படி எழுதுவது என்று பலர் கேட்கிறார்கள். எங்கே இருந்தோம், எப்போது இடம்பெயர்ந்தோம், யாரை இழந்தோம். குறுகிய வசனங்களில் எழுதி, வீட்டில் மூத்தவர் ஒருவரிடம் வாசித்துக் காட்டுங்கள். அம்மா ஒரு வரியை எடுக்கச் சொன்னார், எடுத்தேன்.

மரபான பகுதிகளைத் தள்ளவேண்டாம். இறந்த திதியைச் சொல்லும் திதி வெண்பா கட்டாயம் இருக்கட்டும். ஆண்டுத் திவசத்துக்கு மாதமும் பட்சமும் திதியும் பார்க்க அதைத்தான் எடுப்பார்கள். பஞ்சாங்கத்தோடு ஐயரிடம் ஒருமுறை சரிபாருங்கள். தேவார திருவாசகம் வழமைபோல. புலம்பல் பாடல்களில் ஒன்றை மட்டும் வைத்தோம்.

அச்சு வேலையில் மூன்று விடயம். நடுவில் பின் அடிக்கும் புத்தகத்துக்குப் பக்கங்கள் நாலின் மடங்காக வரவேண்டும். போனில் யூனிகோடில் தட்டியதை அச்சகத்தில் பாமினி எழுத்துருவுக்கு மாற்றினால் சில எழுத்துகள் குழம்பும், அதனால் மாற்றிய பிறகு உள்ள படியைத்தான் மெய்ப்புப் பார்க்கவேண்டும். பெயர்களை வீட்டுக்கு வெளியே உள்ள ஒருவரைக் கொண்டு வாசிப்பியுங்கள், மருமக்கள் பெயர் விடுபட்டால் பிறகு ஆற்ற முடியாது.

ஒரு பிரதியை நூலகம் நிறுவனத்துக்குக் கொடுங்கள், இப்படியான நினைவு மலர்களை அவர்கள் எண்ணிமப்படுத்தி வைக்கிறார்கள். இரண்டை ஊர் விவசாயிகளின் கமக்காரர் அமைப்புக்குக் கொடுங்கள். இன்னொன்றை வீட்டிலேயே திருத்தப்படி என்று எழுதி வையுங்கள். அச்சான பிறகுதான் ஆட்கள் வந்து உண்மையைச் சொல்வார்கள். அந்தியேட்டி அன்று சாப்பிட்டு முடிந்ததும் ஆள்காட்டிக் கதை சொன்ன ஐயா கல்வெட்டைக் கையில் பிடித்தபடி என்னிடம் வந்தார். "எல்லாம் சரி பிள்ளை. ஆனால் வலதுகரை வாய்க்கால் எண்டு போட்டிருக்கு. அது இடதுகரை." அப்பாவின் பென்சிலை எடுத்து வந்து, அவர் பார்த்திருக்க அந்தச் சொல்லைத் திருத்தினேன்.