மலேரியாக் கொசுவின் மரபணுத்தொகையை ஆராய்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் கொசுக்களின் மரபணுத்தொகையை ஆராயத் தொடங்குவோர் செய்யும் பிழைகளில் பெரும்பாலானவை, மேற்கோள் வரிசையையே, அதாவது மற்றவற்றை ஒப்பிடுவதற்கு அடிப்படையாக வைத்திருக்கும் டிஎன்ஏ வரிசையையே, கொசுவாக எண்ணிவிடுவதிலிருந்து பிறக்கின்றன. 2002-இல் வெளியான அனாபிலிஸ் காம்பியேயின் முதல் வரிசை, சுமார் 27.8 கோடி கார இணைகளை (டிஎன்ஏவின் எழுத்து இணைகளை) கொண்ட அரிய சாதனை. ஆயினும் அதற்குப் பயன்பட்ட 'பெஸ்ட்' என்ற ஆய்வக வகை, எம், எஸ் என அன்று அழைக்கப்பட்ட இரு வடிவங்களின் கலப்பாகும். அவற்றுள் எம் வடிவம் 2013-இல் அனாபிலிஸ் கொலுசி என்ற தனி இனமாகப் பெயர் பெற்றது. ஆகவே அவ்வரிசையில் ஒரு பகுதி இருமுறை தென்பட்டால், மரபணு இரட்டித்துவிட்டது என்று உடனே முடிவுகட்டக் கூடாது. ஒரே பகுதியின் வேறுபட்ட இரு வடிவங்கள் தனித்தனியாகக் கோக்கப்பட்டிருக்கவும் கூடும்.

இதனினும் பெரிய தவறு, தலைகீழ்மாற்றங்களைக் கவனியாமல் விடுவது. குரோமோசோமின் ஒரு துண்டு அறுந்து, திரும்பி, மீண்டும் ஒட்டிக்கொள்வதே தலைகீழ்மாற்றம். இரண்டாம் குரோமோசோமின் இடக்கையில் உள்ள '2எல்ஏ' என்ற தலைகீழ்மாற்றம் சுமார் 2.2 கோடி கார இணை நீளமுடையது. ஆப்பிரிக்காவின் வறண்ட பகுதிகளில் அது மிகுந்து காணப்படுகிறது. திரும்பிய அமைப்பும் திரும்பாத அமைப்பும் ஒரே கொசுவில் சேர்ந்திருக்கும்போது அப்பகுதியில் மறுசேர்க்கை (இணைக் குரோமோசோம்கள் துண்டுகளைப் பரிமாறிக்கொள்வது) வெகுவாகக் குறைவதால், அதிலுள்ள மரபணுக்கள் ஒரு மூட்டையாகவே அடுத்த தலைமுறைக்குச் செல்கின்றன. எனவே அங்கே தெரியும் வறட்சித் தொடர்பை ஏதேனும் ஒரு மரபணுவின் மேல் ஏற்றுவது பொருந்தாது. அப்பகுதியின் வேறுபாடுகளைக் கொண்டு கொசுக்களைக் குழுப்படுத்தினால், ஊரோ இனமோ அன்றித் தலைகீழ் அமைப்பே குழுக்களைப் பிரித்துக் காட்டும். மேற்கோள் வரிசையின் அமைப்பு 'இயல்பானது' எனப் பெயர் பெற்றிருப்பதால் அதுவே தொன்மையானது என்று நம்புவோரும் உண்டு; உண்மையில் 2எல்ஏ அமைப்பே முந்தியது.

குரோமோசோம் மடிப்பை அளக்கும் ஹை-சி முறையிலும் இதே பொறி காத்திருக்கிறது. மாதிரியின் அமைப்பு மேற்கோளிலிருந்து மாறுபட்டால், குரோமோசோமின் எந்தப் பகுதிகள் ஒன்றையொன்று தொடுகின்றன எனக் காட்டும் தொடர்பு வரைபடத்தில் மூலைவிட்டத்திற்கு அப்பால் வண்ணத்துப்பூச்சி போன்ற வடிவம் தோன்றும். அதைத் தொலைதூர மடிப்பு என்று வாசித்துவிடக் கூடாது. முட்டைகள் பாதி முதிர்ந்த நிலையிலுள்ள பெண் கொசுக்களின் சூலகத்தில் முட்டைக்கு ஊட்டமளிக்கும் செவிலி உயிரணுக்களில் உள்ள பாலிட்டீன் (பல இழைகள் சேர்ந்து தடித்த) குரோமோசோம்களின் பட்டைகளைப் பார்த்து அமைப்பை உறுதிசெய்துகொள்வது நல்லது. பழைய முறைதான், ஆனால் கண்ணுக்கு நேரே தெரிவது.

பெண் கொசுக்களை மட்டும் வரிசைப்படுத்தினால் ஆண் கொசுக்களுக்கே உரிய ஒய் குரோமோசோம் முற்றிலும் விடுபட்டுப்போகும். களத்தில் பிடித்த பெண் கொசுவின் வயிற்றிலோ அது குடித்த இரத்தத்தின் டிஎன்ஏ கலந்திருக்கும். அனாபிலிஸ் காம்பியேயும் அதன் நெருங்கிய உறவினங்களும் அடங்கிய காம்பியே கூட்டத்தின் உடன்பிறப்பு இனங்களைத் தோற்றத்தை வைத்துப் பிரிக்க இயலாது என்பதால், வரிசைப்படுத்தும் முன்பே ஒவ்வொரு கொசுவின் இனத்தையும் டிஎன்ஏவின் குறிப்பிட்ட பகுதியைப் பெருக்கிப் பார்க்கும் பிசிஆர் சோதனையால் தனித்தனியே கண்டறிந்துவிட வேண்டும்.